சராசரிக்குள் புதைந்த பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள் நான். பேராதனையில் பொருளியல் படிக்கிறேன். மலையகப் பாடசாலைகளைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை. அம்மாவோ, "கணக்குப் போட்டு எந்தப் பிள்ளைக்கு எழுத்து வந்தது? டீச்சர் வேலைக்கு எழுதிப் போடு" என்கிறார். பொருளியல் படித்த ஒருவரால் எங்கள் பாடசாலைகளுக்கு ஏதாவது செய்ய முடியுமா?

ஒரு மாணவி

அன்பு மகளுக்கு,

அம்மாவோடு சண்டை வேண்டாம். கொழுந்துக் கூடையை இறக்கி வைக்க நம்மில் பலருக்கு முதலில் திறந்த வழி ஆசிரியத் தொழில்தான். அந்த நினைவில் சொல்கிறார். ஆனாலும் அவரது கேள்விக்கு இந்தியப் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென்னின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது.

சாந்திநிகேதனில் மாணவராக இருந்தபோதே, நண்பர்களோடு சேர்ந்து பக்கத்துப் பழங்குடிக் கிராமங்களில் இரவுப் பள்ளி நடத்தியவர் அவர். 1998இல் நோபல் பரிசு கிடைத்ததும் அந்தப் பணத்தில் பிரதீச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் ஆய்வாளர்கள் மேற்கு வங்க ஆரம்பப் பள்ளிகளுக்கு நேரில் போய்ப் பார்த்து 2002இல் அறிக்கை தந்தார்கள். தலித், பழங்குடிப் பிள்ளைகள் கூடுதலாகப் படிக்கும் பள்ளிகளில்தான் ஆசிரியர் வராத நாட்கள் மிகுதி என்று அது காட்டியது. எல்லாப் பள்ளிகளையும் ஒரே சராசரியில் அடைத்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்குமா? சமைத்த மதிய உணவு கொடுங்கள் என்றும் அந்த அறிக்கை கேட்டது. 2009இல் மறுபடி போய்ப் பார்த்தபோது அந்த உணவு பள்ளிகளுக்கு வந்திருந்தது.

வருமானம் குறைந்திருந்தும் கல்வியில் முன்னேறிய நாடு என்று உலகத்துக்கு இலங்கையை எடுத்துக்காட்டியவர்களில் சென்னும் ஒருவர். அது உண்மை. ஆனால் அந்தப் பெருமைக்குள் நாம் இருக்கவில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் பொறுப்பிலேயே விடப்பட்டன. 1970களில் தொடங்கிப் படிப்படியாகத்தான் அரசு அவற்றை ஏற்றது. நான் படித்தது ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரு மாஸ்டர். தகரக் கூரையில் மழை பிடித்தால் அவர் குரல் கேட்காது. சுண்ணக்கட்டி கரும்பலகையில் நகர்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்போம்.

சராசரிக்குள் நம் பிள்ளைகள் மறைந்துபோவது இன்றும் தீரவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அளவுகோல் மாவட்டம். உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள நகரத்து 1ஏபி பாடசாலையில் படித்த பிள்ளையும், கணித ஆசிரியரையே காணாத தோட்டத்துப் பிள்ளையும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இதை ஆத்திரத்தோடு சொல்ல நம்மிடம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். பாடசாலை வாரியாக எண்ணிக் காட்ட ஆள் வேண்டும், மகள்.

உங்கள் பழைய பாடசாலையிலிருந்தே தொடங்குங்கள். அதிபரிடம் அனுமதி வாங்கி, அலுமாரியில் இருக்கும் வரவுப் பதிவேடுகளைப் பாருங்கள். கொழுந்து மிகுந்த மாதங்களில் எந்த வகுப்பில் யார் வரவில்லை, கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் எத்தனை மாதம் இருந்தார் என்று எழுதி எடுங்கள். லீவில் வீட்டுக்கு வரும்போது அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளை ஏன் நின்றது என்று அவருக்குத் தெரியும்.