துன்பம் புடம் போடுமா?

கேள்வி: அம்மா 27 வருஷமாக மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறார். பெட்டிமுடி நிலச்சரிவில் சித்தி குடும்பமே போய்விட்டது. 'துன்பம்தான் மனுஷனைப் புடம் போடும், அதில் அர்த்தத்தைத் தேடு' என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். நாங்களும் அதே மாதிரி லயத்தில்தான், எஸ்டேட் வரிசை வீட்டில்தான் இருக்கிறோம். மழை வலுத்தால் அம்மா தூங்குவதில்லை. இதில் என்ன அர்த்தம் ஐயா?
– ஒரு வாசகி, மூணாறு

பதில்: ஒரு அர்த்தமும் இல்லை, சகோதரி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். கரண்டும் இல்லை, போனும் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. யாரைப் புடம் போட? தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளையா? இப்படி ஆறுதல் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அவர்கள் துணைக்கு இழுப்பது பெரும்பாலும் 'சுடச்சுடரும் பொன்போல்' குறளை. அது தவம் அதிகாரத்தில் இருக்கிறது. 'நோற்கிற் பவர்க்கு' என்று முடிகிறது. தானே விரும்பி நோன்பு ஏற்றவருக்குச் சொன்னது. மலையடிவாரத்தில் வேறு போக்கிடமில்லாமல் படுத்திருந்தவர்களுக்கு அதை எடுத்து நீட்டலாமா? நாஜி முகாம்களில் அடைபட்டு, மனைவியையும் பெற்றோரையும் பறிகொடுத்த மருத்துவர் விக்டர் பிராங்கல்கூட, தவிர்க்க முடியாத துன்பத்தில்தான் அர்த்தம் தேடச் சொன்னார். தவிர்க்க முடிந்ததென்றால் அதன் காரணத்தை நீக்குவதே அர்த்தமுள்ள செயல் என்றார்.

அரசின் தேடல் நின்ற பிறகும் உறவுக்காரர்கள் காட்டாற்றங்கரையில் தேடிக்கொண்டே இருந்தார்களே, அது அன்பு. அதைத் துன்பத்தின் கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

அம்மாவிடம் 2015 செப்டம்பரைப் பற்றிக் கேளுங்கள். நாள் கூலி 232 ரூபாய். சங்கத் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கொழுந்துக் கறை படிந்த விரல்களோடு பெண்கள் மூணாறு ரோட்டில் ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். கூலி 500 கேட்டார்கள். 301 வரைதான் வந்தது. 'நம்ம விதி' என்று அன்று அவர்கள் லயத்துக்குள் முடங்கிவிடவில்லை.

மழை இரவில் அம்மா விழித்திருப்பதற்கு அர்த்தம் தேட வேண்டாம். லயத்துக்குப் பின்னால் இருக்கும் சரிவை வந்து பார்க்கச் சொல்லி பஞ்சாயத்துக்கும் தேவிகுளம் தாலுகா ஆபீசுக்கும் மனுப் போடுங்கள். மலையாளம் எழுத வராதே என்று தயங்காதீர்கள். உங்கள் பகுதியில் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். நகல் ஒன்று எனக்கு அனுப்புங்கள், பதில் வரும்வரை நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.