தேவைக்கோட்டைக் கடைசியில் வரையுங்கள்

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் பொருளியல் எடுக்கிறேன். விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும் என்ற தேவை விதியை மாணவர்கள் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். படம் போடச் சொன்னால் அச்சு மாறிவிடுகிறது. தேவைக்கோடே நகர்வதான ‘இடப்பெயர்ச்சி’ என்றால் முழிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அச்சு மாறுவதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. காரணமாக இருப்பதைக் கிடை அச்சில் போடு என்று கணக்கு வகுப்பில் பழக்குகிறோம். பொருளியலில் மட்டும் விலை செங்குத்து அச்சில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட நூலில் அப்படித்தான் வரைந்தார், அதுவே வழக்கமாகிவிட்டது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், படத்திலிருந்து தொடங்காதீர்கள். பள்ளி வாசல் கடையில் சமோசா 5 ரூபாய் என்றால் வாரத்துக்கு எத்தனை வாங்குவாய்? 10 என்றால்? 15 என்றால்? ஒவ்வொருவரும் துண்டுச் சீட்டில் எழுதட்டும். அது தனிநபர் தேவைப் பட்டியல். எல்லாவற்றையும் கரும்பலகையில் கூட்டினால் அங்காடித் தேவைப் பட்டியல். அந்த எண்களை அவர்களே வரைபடத்தாளில் குறிக்கட்டும். கோடு கோணல்மாணலாகத்தான் வரும், திருத்த வேண்டாம்.

இடப்பெயர்ச்சிக்கு மல்லிகைப் பூவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. முகூர்த்த நாளில் பூ விலை ஏறுகிறது, ஆனாலும் மக்கள் கூடுதலாக வாங்குகிறார்கள். ‘அப்படியானால் விதி பொய்யா?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். யாராவது ஒருவர், ‘மற்றவை மாறாதிருந்தால்’ என்ற நிபந்தனையைப் பிடித்துவிடுவார். சாதாரண நாளில் இதே விலைக்கு எவ்வளவு விற்றிருக்கும் என்று அடுத்துக் கேளுங்கள். கோடு முழுவதும் வலப்பக்கம் நகர்ந்திருப்பது அவர்களுக்கே தெரியும்.

அதே வகுப்பில் 2023 ஜூலைத் தக்காளியையும் எடுங்கள். வரத்து குறைந்து கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது வீடுகளில் அரைக் கிலோ கால் கிலோவானது. இங்கே தேவைக்கோடு நகரவில்லை. அதே கோட்டில் மேலே போனோம், அவ்வளவுதான். இது தேவைச் சுருக்கம். விடைத்தாளில் இடப்பெயர்ச்சியையும் சுருக்கத்தையும் குழப்பி எழுதித்தான் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள். அப்போது சென்னை ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. சந்தை விலைக்குக் கீழே விற்றால் சரக்கு ஏன் சட்டென்று தீர்கிறது என்ற கேள்வியைச் சமநிலை விலைப் பாடத்துக்கு எடுத்து வையுங்கள்.

இதற்கெல்லாம் மூன்று பீரியட் போகும். போர்ஷன் முடியாதே என்ற கவலை வேண்டாம். இது பிடிபட்டவர்களுக்கு அளிப்பு விதியை ஒரே பீரியடில் முடித்துவிடலாம். விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்று கணக்கிடும் நெகிழ்ச்சி வாய்பாட்டை மட்டும் இந்த வாரம் தொடாதீர்கள்.