வியட்நாம் வயலும் கடைமடை வயலும்: பன்னாட்டு ஆய்வை நம் ஊருக்கு எப்படி வாசிப்பது?

கேள்வி: திருத்துறைப்பூண்டி வட்டத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றை நடத்திவருகிறோம். கார்பன் கிரெடிட் (புவியை வெப்பமாக்கும் வாயுவைக் குறைத்ததற்கான, விற்கக்கூடிய சான்று) வாங்கித் தருவதாகச் சொல்லும் ஒரு நிறுவனத்தார் சென்ற மாதம் வந்து, பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்தது என்று ஓர் அறிக்கையைக் கொடுத்தார்கள். வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டினால் நீர் 30 விழுக்காடு மிச்சமாகும், மீத்தேன் பாதியாகக் குறையும், விளைச்சல் குறையாது, வியட்நாமில் அரசே இதைக் கொள்கையாக்கிவிட்டது என்று அதில் இருக்கிறது. ஐந்தாண்டு ஒப்பந்தம் கேட்கிறார்கள். உறுப்பினர்களில் பாதிப் பேர் கையெழுத்துப் போடலாம் என்கிறார்கள். மீதிப் பேர், இதையே மனுவாக எழுதி ஆட்சியரின் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்து, அரசுத் திட்டமாகக் கேட்போம் என்கிறார்கள். வெளிநாட்டு ஆய்வை எந்த அளவுக்கு நம்பலாம், ஐயா?

பதில்: உங்களிடம் தந்த அறிக்கையில் பொய் எழுதியிருக்க வாய்ப்பு குறைவு. நீர், மீத்தேன், விளைச்சல் பற்றி நீங்கள் குறிப்பிடும் மூன்று கூற்றுகளுக்கும் உலக அளவில் ஆய்வு ஆதாரம் உண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘30 விழுக்காடு மிச்சம்’ என்று படித்தவுடன் நாம் நம்முடைய வயலில் இப்போது பாயும் தண்ணீரில் 30 விழுக்காட்டைக் கழித்துப் பார்க்கிறோம்; ஆய்வாளர்களோ நாற்று நட்ட நாள் முதல் அறுவடைக்குச் சற்று முன்பு வரை ஒரு நாளும் நீர் வற்றாமல் நிறுத்திவைத்த சோதனை வயலோடு ஒப்பிட்டுத்தான் அந்த எண்ணைச் சொன்னார்கள். ஆகவே பன்னாட்டு ஆய்வு எதைக் கையில் எடுத்தாலும், முடிவு என்ன என்று பார்ப்பதற்கு முன்னால், எதனோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். அப்படி ஒப்பிட்ட வயல் உங்கள் வயலைப் போல இல்லையென்றால், அந்த எண் சரியானதாகவே இருந்தாலும் உங்களுக்குரியது ஆகாது.

இந்தப் பாசன முறை நமக்குப் புதியதும் அல்ல. மடகாஸ்கரில் 1980-களில் ஆன்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் உழவர்களோடு சேர்ந்து வகுத்த நெல் சாகுபடி முறை, 2000-க்குப் பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சோதனைகள் வழியாக ஒற்றை நாற்று நடவு என்றும் செம்மை நெல் சாகுபடி என்றும் நம் ஊர்களுக்கு வந்தபோதே, ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்ற சொல் டெல்டாவில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. மண்ணில் மயிரிழை போல வெடிப்பு கண்டதும் தண்ணீர் கட்டச் சொன்ன பரிந்துரை உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதே எண்ணத்துக்கு ஓர் அளவுகோல் தந்தது: வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை காத்திருந்து, பிறகு 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும், பூக்கும் பருவத்தில் மட்டும், முன்னும் பின்னும் ஒரு வாரம், நீர் வற்றவே விடக்கூடாது.

விளைச்சல் பற்றிய கூற்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் 56 ஆய்வுகளைத் தொகுத்து 528 ஒப்பீடுகளைச் செய்தார்கள். சராசரியாக நீர்த்தேவை ஏறத்தாழ 26 விழுக்காடு குறைந்தது. விளைச்சலும் ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்தது. ஆனால் இந்தச் சராசரிக்குள் இரண்டு வேறு கதைகள் கலந்திருக்கின்றன. நீர்மட்டம் 15 சென்டிமீட்டருக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்ட வயல்களில் விளைச்சல் குறிப்பிடும்படி குறையவில்லை; அதைத் தாண்டிக் கடுமையாகக் காயவிட்ட வயல்களில் 22 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அதிலும் கார அமில நிலை (pH) 7-ம் அதற்கு மேலும் உள்ள மண்ணிலும், அங்ககக் கார்பன் 1 விழுக்காட்டுக்குக் குறைவான மண்ணிலும் இழப்பு கூடுதலாக இருந்தது. உங்கள் மண் பரிசோதனை அட்டையை எடுத்து இந்த இரண்டு எண்களையும் பாருங்கள். உங்கள் பக்கத்துக் களிமண்ணில், உவர் தட்டும் இடங்களில், பெரும்பாலான அட்டைகள் அந்த ஆபத்தான பக்கத்திலேயே நிற்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தவிர, களிமண் ஆழமாக வெடித்துவிட்டால் அடுத்த பாய்ச்சலின் முதல் தண்ணீர் வெடிப்பு வழியே கீழே போய்விடும். மிச்சம் பிடிக்கப் போய்க் கூடுதலாகச் செலவழித்ததாக முடியும்.

விளைச்சல் குறையுமா என்பதற்கு உங்கள் ஊரில் விடை, எனவே, 15 சென்டிமீட்டர் என்ற கோட்டில் நிறுத்த உங்களால் முடியுமா என்பதில் இருக்கிறது. குழாய் எப்போது தண்ணீர் கேட்கிறதோ அப்போது தண்ணீர் கிடைக்க வேண்டும். பம்புசெட் வைத்திருப்பவருக்கு அது சுவிட்சைத் தட்டும் வேலை. வாய்க்காலின் கடைசியில் இருப்பவருக்கு அப்படி அல்ல. மேட்டூரில் திறந்து, கல்லணையில் பிரித்து, முறைப்பாசனம் வைத்து, மேல்மடைக்காரர் கட்டி முடித்த பிறகுதான் உங்கள் மதகுக்குத் தண்ணீர் வரும். மற்ற நாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. பிலிப்பைன்ஸின் தார்லாக் மாகாணத்தில் 2002 வாக்கில் இந்த முறை முதலில் வேரூன்றியது ஆழ்துளைக் கிணற்றுப் பாசன சங்கங்களில்தான். போகோல் தீவில் கால்வாய்ப் பாசனத்திலும் நடந்தது. ஆனால் அங்கே தனித்தனி உழவர் முடிவு செய்யவில்லை, பாசன நிர்வாகமே முறை வகுத்துத் திறந்தது. வங்கதேசத்திலோ பம்பு உரிமையாளருக்குப் பருவத்துக்கு இவ்வளவு என்றோ விளைச்சலில் பங்காகவோ கொடுக்கும் வழக்கம் பரவலாக இருப்பதால், தண்ணீரைக் குறைத்தவருக்குக் காசு மிச்சமாகவில்லை. முறை நல்லது என்று அறிந்தும் பலர் தொடரவில்லை. நம் பக்கத்தில் மோட்டாருக்கு மின்சாரம் இலவசம், ஆற்றுத் தண்ணீருக்கு அளவு பார்த்து விலையும் இல்லை. அறிக்கையில் ‘உழவருக்குச் செலவு மிச்சம்’ என்று ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிட்டுப் படியுங்கள்.

இந்த இடத்தில் பன்னாட்டு அறிக்கைகள் வழக்கமாக ஒரு பரிந்துரை வைக்கும்: தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் விலை வையுங்கள், சிக்கனம் தானே வரும். தண்ணீர் எந்த நாள் வரும் என்றே தெரியாத கடைமடையில் விலையை மட்டும் முதலில் வைப்பது தலைகீழான வரிசை என்பது என் கருத்து. பஞ்சாபில் 2018-ல் தொடங்கிய முன்னோட்டத் திட்டம் இதைவிட இதமானது. இலவச மின்சாரத்தை நிறுத்தாமல், குறித்த அளவுக்குக் கீழே பயன்படுத்தும் உழவருக்கு மிச்சமாகும் யூனிட்டுக்கு 4 ரூபாய் கொடுத்தார்கள். அதுவும் பம்புசெட்டுக்குத்தான் பொருந்தும்.

இனி மாதங்களை எடுத்துக்கொள்வோம். சம்பாவில் நீங்கள் நடவோ நேரடி விதைப்போ செய்து பயிர் தூர் கட்டும் காலத்தில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் கவலை வயலைக் காயவைப்பதா, வடிகால் அடைத்துக்கொண்டு பயிர் அழுகாமல் காப்பதா? அந்த வாரங்களில் ‘காய்ச்சல்’ என்று ஏட்டில் எழுதலாமே தவிர வயலில் செய்ய முடியாது. தை மாதத்தில் அணை மூடும் பேச்சு வரும்போது தண்ணீர் தானாகவே குறைகிறது; உளுந்து தெளிக்க ஈரம் நிற்க வேண்டும் என்பதையும் அப்போதே கணக்கில் கொள்ள வேண்டும். நிலத்தடி நீர் நன்றாக உள்ள கும்பகோணம், பாபநாசம் பக்கத்தில் போர் வைத்துக் குறுவை செய்பவருக்கு இந்த ஆய்வு முடிவுகள் பெருமளவு பொருந்தும். உங்கள் வட்டத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

கார்பன் கணக்கை ஒரு முறை நாமே போட்டுப் பார்ப்பது நல்லது. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடைக் குழு 2019-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியின்படி, தெற்காசியாவில் எப்போதும் நீர் நிற்கும் நெல் வயல் ஒரு எக்டேரில் நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் வெளிவிடுவதாகப் பொதுவாகக் கொள்ளலாம். 112 நாளுக்கு அது 95 கிலோ. பலமுறை காயவிட்டால் இதை 0.55-ஆல் பெருக்க வேண்டும், அதாவது 52 கிலோவாக இறங்கும்; குறைவது 43 கிலோ. புவியை வெப்பமாக்கும் திறன் மீத்தேனுக்குக் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு என்று வைத்தால், கரியமில வாயுக் கணக்கில் எக்டேருக்கு 1.2 டன், ஏக்கருக்கு ஏறத்தாழ அரை டன் மிச்சம். அறிக்கையில் ‘பாதியாகக் குறையும்’ என்றது இதைத்தான். ஆனால் முறைப்பாசனத்தால் உங்கள் வயல் ஏற்கெனவே பருவத்தில் ஒரு முறை வற்றிக் காய்கிறது என்றால், தொடக்கக் கணக்கே 0.71-லிருந்துதான் ஆரம்பிக்கும், அப்போது மிச்சம் ஏக்கருக்கு 170 கிலோ அளவுக்குச் சுருங்கிவிடும். பலமுறை காய்வது ஏற்கெனவே வழக்கம் என்றால் மிச்சம் ஏதுமில்லை. காயவிடும்போது புவியை வெப்பமாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கூடும் என்பதால் அதையும் கழிக்க வேண்டும். ஆகவே, அந்த நிறுவனத்தார் உங்கள் வயலின் தொடக்க நிலையை ‘எப்போதும் நீர் நிற்பது’ என்று எழுதியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கடைமடை வயலை அப்படி எழுதியிருந்தால், விற்கப்போவது நடக்காத ஒன்றின் குறைப்பு. கார்பன் கிரெடிட்டுகளுக்குச் சான்றளிக்கும் வெர்ரா அமைப்பு, சீனாவின் 37 நெல் மீத்தேன் திட்டங்களை 2024-ல் நிராகரித்தது. சான்று போனால் அதை நம்பிய உழவருக்கு வரவேண்டிய பணமும் போய்விடும்.

வியட்நாம் கொள்கையாக்கியது உண்மை. மீக்காங் டெல்டாவில் 2030-க்குள் 10 லட்சம் எக்டேரில் தரமான, குறை உமிழ்வு நெல் என்ற திட்டத்துக்கு அந்த அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. அதற்கு முன்பே அங்கே ‘ஒன்று கட்டாயம், ஐந்து குறைப்பு’ என்ற பரப்புரை உண்டு: சான்று விதை கட்டாயம், விதையளவு, உரம், பூச்சிமருந்து, தண்ணீர், அறுவடைக்குப் பிந்தைய இழப்பு ஆகியவை குறைய வேண்டும். அங்கே கைநிறைய அள்ளித் தெளிப்பது வழக்கமாகையால், எக்டேருக்கு விதையை 70 கிலோவுக்குக் கீழே கொண்டுவருவதே 2030-க்கான இலக்குகளில் ஒன்று. நம் நடவுக்கு மத்திய கால ரகத்தில் 40 கிலோ பரிந்துரை என்பதை நினைத்துக்கொண்டால், வியட்நாம் உழவரின் கூடுதல் வருமானத்தில் விதையும் உரமும் குறைந்ததன் பங்கு எவ்வளவு, தண்ணீரின் பங்கு எவ்வளவு என்று கேட்கத் தோன்றும். அறிக்கை அதைப் பிரித்துச் சொல்கிறதா என்று பாருங்கள். வாய்க்காலிலிருந்து பம்பு வைத்து இறைத்து, உயரமான கரைக்குள் ஆண்டுக்கு மூன்று போகம் செய்யும் பகுதிகள் அங்கே உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். தமிழில் எழுதிய முழுப் படி கேளுங்கள். விளைச்சல் குறைந்தால் யார் ஈடு செய்வது, வருமானத்தில் உங்கள் பங்கு செலவு கழிப்பதற்கு முன்பா பின்பா, இடையில் விலகலாமா என்பவை அதில் இருக்க வேண்டும். இவற்றைவிட உங்கள் பகுதியில் பெரிய கேள்வி குத்தகைதான். கோயில், மடத்து நிலங்களில் பயிர் வைப்பவர் ஒருவர், நிலம் வேறொருவர் பேரில். கார்பன் உரிமை நிலத்துக்கா சாகுபடிக்கா என்று ஒப்பந்தம் தெளிவாகச் சொல்லாவிட்டால், வயலில் இறங்கிக் குழாய் பார்த்த குத்தகைதாரருக்கு ஒன்றும் வராமல் போகலாம். அல்லது இல்லாத உரிமையை விற்றதாக அவர்மேல் வழக்கு வரலாம். இதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் யாரும் கையெழுத்திட வேண்டாம்.

மனு கொடுப்பது நல்லது. ஆனால் ‘வியட்நாம் திட்டத்தை இங்கே கொண்டுவர வேண்டும்’ என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். உங்கள் கிளை வாய்க்காலுக்கான முறைப்பாசன அட்டவணையை, எந்த நாளில் எத்தனை நாள் தண்ணீர் என்று, பருவத் தொடக்கத்திலேயே நீர்வளத்துறை வெளியிட வேண்டும் என்று கேளுங்கள். பழுதான ஷட்டர்களின் பெயரை ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒரே வாய்க்காலின் தலைமடை, நடுமடை, கடைமடை மூன்றிலும் நான்கைந்து மா (ஒரு மா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) நிலத்தில் ஒப்பீட்டுச் சோதனை நடத்த நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தையும், தஞ்சை காட்டுத்தோட்டத்தில் உள்ள மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையத்தையும் பணிக்குமாறு கோருங்கள். சோதனையில் ஒப்பீட்டு வயல் எப்போதும் நீர் நிறுத்திய வயலாக இருக்கக்கூடாது, அந்த மடையில் உழவர் வழக்கமாகச் செய்வதே ஒப்பீட்டு வயலாக இருக்க வேண்டும் என்ற ஒரு வரியை மனுவில் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நான்கு அங்குல பி.வி.சி. குழாயில் ஓரடி நீளம் வெட்டி, கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, பாதிக்கு மேல் மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை வழித்தெடுத்துவிட்டால் போதும். வரும் சம்பாவில் உறுப்பினர்களில் பத்துப் பேர், பழக்கத்தில் எதையும் மாற்றாமல், மூன்று நாளுக்கு ஒரு முறை அளவுகோலை விட்டு நீர்மட்டத்தை ஒரு நோட்டில் தேதியோடு குறித்துவரட்டும். மழை பெய்த நாளையும் மதகில் தண்ணீர் வந்த நாளையும் அதிலேயே எழுதுங்கள். உங்கள் வயல் இப்போதே எத்தனை முறை காய்கிறது என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும். நிறுவனத்தார் மறுபடி வரும்போது, ஒப்பந்தத்தில் தொடக்க நிலை என்று அவர்கள் எழுதியிருக்கும் பத்தியை அந்த நோட்டின் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். கையெழுத்து அறுவடைக்குப் பிறகு இருக்கட்டும்.