மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் அடுத்த துணைவேந்தரிடம் எதைப் பார்க்க வேண்டும்?

பேராசிரியராகவோ, பெயர்பெற்ற ஆய்வு அல்லது கல்வி நிர்வாக அமைப்பிலோ பத்தாண்டு அனுபவம் வேண்டும் என்று யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதி சொல்கிறது. சரி, தேடல் குழு பார்க்கும் பட்டியலில் பலருக்கும் அது இருக்கும். அதனால் நான் முதலில் பார்ப்பது பணத்தை எப்படிக் கையாண்டார் என்பதைத்தான். ஒரு துறையையோ கல்லூரியையோ நடத்தியபோது கணக்குத் தணிக்கையில் வந்த ஆட்சேபங்களை நேரத்துக்குத் தீர்த்தாரா? ஆசிரியர் நியமனத்தில் சிபாரிசுக் கடிதம் வந்தபோது என்ன செய்தார்? கூட வேலை பார்த்தவர்களிடம், முக்கியமாக அலுவலக உதவியாளர்களிடம், விசாரித்தாலே பாதி தெரிந்துவிடும்.

அப்புறம் தேர்வுப் பிரிவு. போடியிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, பல்கலைக்கழகம் இருக்கும் நாகமலை புதுக்கோட்டைக்கு வரும் பிள்ளைக்கு, ஒரு சான்றிதழுக்காக அலைவது ஒருநாள் கூலி இழப்பு. இந்தக் கணக்கு மனதில் உள்ளவர்தான் வேண்டும்.

1966-இல் தொடங்கியபோது முதல் துணைவேந்தர் தமிழறிஞர் தெ.பொ.மீனாட்சிசுந்தரம், அடுத்து மு.வரதராசன். இருவருமே வாழ்நாள் முழுக்கப் படித்தவர்கள். சாதி, கட்சி பார்த்து அந்த நாற்காலியை நிரப்புவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.