அம்மா அப்பாவோடு ஜப்பான் வருகிறீர்களா?

கேள்வி: மே முதல் வாரம் அம்மா, அப்பாவை ஜப்பானுக்கு அழைத்து வருகிறேன். மொத்தம் ஒன்பது நாள். டோக்கியோ, ஃபூஜி மலை, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா எல்லாவற்றையும் பார்த்துவிட ஆசை. ஏழு நாள் ரயில் பாஸ் வாங்கலாமா? இருவரும் சுத்த சைவம். அம்மாவுக்கு மூட்டுவலி வேறு. அங்கேயே குடியிருக்கும் நீங்கள் எங்கெல்லாம் போகச் சொல்வீர்கள்?
- ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் தேதியை மாற்ற முடியுமா பாருங்கள். ஏப்ரல் 29 தொடங்கி மே 5 வரைக்குள் இங்கே பல அரசு விடுமுறைகள் நெருக்கமாக வருகின்றன. ஊரே பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். விடுதி வாடகை எகிறும், ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம். ஒரு வாரம் தள்ளி வாருங்கள், வெயிலும் இதமாக இருக்கும். ஜூனுக்குத் தள்ளிவிடாதீர்கள், மழைக்காலம் பிடித்துக்கொள்ளும்.

ஹிரோஷிமாவை விடச் சொல்வதற்கு எனக்கு மனசே வரவில்லை. ஒருமுறையாவது போய் நிற்க வேண்டிய இடம் அது. ஆனாலும் இந்தத் தடவை வேண்டாம். இங்கே ரயில் நிலையங்களுக்குள் நடக்கும் நடையே அம்மாவின் முழங்காலைச் சோதித்துவிடும். ஊருக்கு ஊர் மாறினால் பாதி நாள் அதிலேயே போகும். டோக்கியோவில் இரண்டு இரவு போதும். பின்னால் சொல்லும் ஓர் இரவைத் தவிர, மீதி நாளெல்லாம் ஒசாகாவின் நம்பா பகுதியில் ஒரே அறையில் தங்குங்கள். கோயில் நகரமான நாராவுக்கும் மலைத்தலமான கோயாசானுக்கும் அங்கிருந்தே ரயில் இருக்கிறது.

இப்படி வந்தால் பாஸ் தேவையே இல்லை. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலையை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏற்றிவிட்டார்கள். டோக்கியோ - ஒசாகா புல்லட் ரயிலுக்கு ஒருவழிக் கட்டணம் சுமார் 14,500 யென்தான். அதில் வலப்பக்க ஜன்னலோரம், ‘E’ வரிசையில் இடம் கேட்டு வாங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் முக்கால் மணி நேரத்தில் ஃபூஜி தெரியும். பெரிய பெட்டிகளை முந்தின நாளே டோக்கியோ விடுதியில் கொடுத்தால், ஒசாகா விடுதிக்கு அனுப்பிவைப்பார்கள். அந்தப் பணத்துக்குக் கணக்கே பார்க்காதீர்கள்.

நாராவில் மான்களைப் பார்த்துவிட்டுத் தோதாய்ஜி கோயிலுக்குள் போங்கள். ஏறத்தாழ 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர். 752-இல் இந்தச் சிலைக்குக் கண் திறந்துவைத்தவர் போதிசேனர், நம் நாட்டிலிருந்து வந்த துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீளமான கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். தூரிகையும் கயிறும் அங்கே அரச கருவூலத்தில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. சிலைக்கு முன்னால் நிற்கும்போது அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

கியோட்டோவுக்கு ஒசாகாவின் யொதொயாபாஷி நிலையத்திலிருந்து கெய்ஹான் ரயில். எல்லாரும் ஓடும் கியோமிசு கோயில் செங்குத்தான மேட்டில் இருக்கிறது, அம்மாவுக்கு ஆகாது. ஷிச்சிஜோ நிலையத்தில் இறங்கி சஞ்சூசங்கென்தோ என்ற புத்தர் கோயிலுக்கு நடந்துவிடுங்கள். சுமார் 120 மீட்டர் நீள மண்டபத்தில் கருணையின் வடிவான போதிசத்துவர் கன்னோனுக்கு 1,001 சிலைகள், எல்லாம் ஒரே சமதளம். அவற்றுக்குக் காவலாக நிற்கும் 28 தேவர்களைத்தான் நான் நிதானமாகப் பார்க்கச் சொல்வேன். பிரம்மா இருக்கிறார், இந்திரன் இருக்கிறார், புல்லாங்குழல் ஊதும் கருடனும் இருக்கிறார். படமெடுக்க அனுமதி கிடையாது. அதே ரயில் தடத்தில் ஃபுஷிமி இனாரி என்ற கோயில். சிவப்புத் தோரண வரிசை அடிவாரத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே தொடங்கிவிடும், மலையேற வேண்டாம். விடியற்காலையில் போனால்தான் சுகம்.

உங்கள் பட்டியலில் இல்லாத கோயாசானுக்கு ஓர் இரவு கட்டாயம் ஒதுக்குங்கள். எனக்கு இந்த நாட்டில் மிகப் பிடித்த இடம். கூக்காய் என்ற துறவி 816-இல் நிறுவிய மலைத்தலம், சுமார் 800 மீட்டர் உயரம். நம்பாவிலிருந்து நங்காய் ரயிலில் ஒன்றரை மணி நேரம், பிறகு இழுவை ரயில், அதன்பின் பேருந்து. ஐம்பதுக்கு மேற்பட்ட கோயில்களில் தங்க இடம் தருகிறார்கள். காலை வழிபாட்டில் உட்காரலாம். சில கோயில்களில் ஹோமமும் பார்க்கலாம். நெய்க்கும் சமித்துக்கும் பழகிய அம்மாவுக்கு அங்கே எதையும் விளக்க வேண்டியிருக்காது. கூக்காயின் சமாதி இருக்கும் ஒக்குனோயினில் பெரிய தேவதாரு மரங்களுக்கு நடுவே கல்லறைகள், அவற்றில் பல இடங்களில் ‘சித்தம்’ என்ற நம் நாட்டுப் பழைய எழுத்துமுறை. கூக்காய் இன்னும் தியானத்தில் இருப்பதாக நம்பி, தினமும் இருவேளை அவருக்கு உணவு படைக்கிறார்கள். முழுப் பாதை இரண்டு கிலோமீட்டர். பேருந்தில் ஒக்குனோயின்மாயே நிறுத்தம் வரை போய்விட்டால் பாதி நடை மிச்சம்.

சாப்பாட்டுக்கும் கோயாசான்தான் நிம்மதி. கோயில் சமையலில் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. கடற்பாசியையும் காளானையும் கொதிக்கவைத்துத்தான் சாறு எடுப்பார்கள். வெளியே அப்படி நம்ப முடியாது. காய்கறி சூப், நூடுல்ஸ் குழம்பு, ஏன் மிசோ சூப்பில்கூட நம்மூர் மாசிக் கருவாடு போன்ற உலர்மீனின் சாறு இறங்கியிருக்கும். ‘மீன் துண்டு இல்லை’ என்று கடைக்காரர் சொன்னாலும் சாற்றைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். ஒசாகாவிலும் பக்கத்து நகரமான கோபேயிலும் இந்திய உணவகங்கள் உண்டு. கோபேயில் ஜைனக் கோயிலே இருக்கிறது.

கோயாசான் அறையை முதலில் பதிவுசெய்யுங்கள். பல கோயில்களில் தரையில்தான் படுக்கை, கழிப்பறையும் பொதுவாக இருக்கும். கட்டில் உண்டா, சாப்பிட நாற்காலி கிடைக்குமா, அறைக்குள்ளேயே கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு விமானச் சீட்டு: டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவுக்கு அருகிலுள்ள கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்புவதுபோல் எடுங்கள். நம்பாவிலிருந்து அதற்கும் நேரடி ரயில் இருக்கிறது.