சட்டத்தையும் நிதியையும் ஒரே முதுநிலைப் படிப்பில் சேர்த்துப் படிப்பது எதற்காக?

ஒரு கடனையோ முதலீட்டையோ எடுத்துக்கொண்டு, அதன் ஒப்பந்தத்தையும் அதில் உள்ள பணத்தின் மதிப்பையும் ஒருசேர எடைபோடப் பழகுவதே இப்படிப்பு.

சௌகார்பேட்டை மின்ட் தெருவில் ஓர் அடகுக் கடையை எண்ணிப் பாருங்கள். கடைக்காரர் வளையலை உரைகல்லில் உரைத்து, தராசில் வைத்து, இவ்வளவுதான் தர முடியும் என்று சொல்வது நிதி. எந்தத் தேதிக்குள் மீட்க வேண்டும், மீட்காவிட்டால் நகை என்னவாகும் என்று ரசீதில் இருப்பது சட்டம். ரசீது செல்லாது என்று தெரிந்தால் அவர் அந்தத் தொகையைத் தரவே மாட்டார்.

பெரிய நிறுவனங்களிலும் கணக்கு இதுதான். 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி, ஒரு நிறுவனம் கலைக்கப்படும்போது, நடைமுறைச் செலவு போக, தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும், ஈடாகப் பெற்ற சொத்தின் மீதான உரிமையை விட்டுக்கொடுத்த, கடன் கொடுத்தவர்களின் நிலுவையும் ஒரே வரிசையில் வருகின்றன. ஈடின்றிக் கடன் கொடுத்தவர் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். பின்னால் நிற்பவர் கூடுதல் வட்டி கேட்கிறார். ஆக, வட்டியின் ஒரு பகுதியைத் தீர்மானிப்பது சட்டமே.

ஆக்ஸ்ஃபோர்டில் சட்டப் புலமும் சயீத் வணிகப் பள்ளியும் இணைந்து இதை 10 மாதப் படிப்பாக நடத்துகின்றன. கணக்கென்றாலே ஒதுங்கிய சட்ட மாணவர்களுக்குத் தொடக்கம் கசக்கத்தான் செய்யும்.

இதை முடித்தாலே பாரிமுனை உயர் நீதிமன்றத்தில் வாதாடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்கு 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட இளநிலைச் சட்டப் பட்டமும் பார் கவுன்சில் பதிவும் வேண்டும், இந்த முதுநிலைப் பட்டம் அவற்றுக்கு ஈடாகாது.