நியூகாசில்: எந்த ஊர், எந்த நோய்?

கேள்வி: மகளுக்கு நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. விமான டிக்கெட் தேடினால் இரண்டு நியூகாசில் வருகிறதே? (கோவை வாசகர்)

பதில்: டிக்கெட் இருக்கட்டும். சேர்க்கைக் கடிதம் வந்த மின்னஞ்சல் முகவரியின் வாலைப் பாருங்கள். ஏசி.யூகே என்று முடிந்தால் இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரை ஊர். விமான நிலையக் குறியீடு என்சிஎல். ஈடியு.ஏயு என்றால் ஆஸ்திரேலியா, சிட்னிக்கு வடக்கே சுமார் 160 கி.மீ, குறியீடு என்டிஎல். பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதிக்கு பிரிட்டன் விசாவில் 'கேஸ்' எண் என்று பெயர், ஆஸ்திரேலியாவில் 'சிஓஇ'; அது வர வேண்டும். மருத்துவப் படிப்பா? அப்படியானால் இன்னும் கவனம்: பிரிட்டிஷ் நியூகாசிலின் மருத்துவ வளாகம் ஒன்று மலேசியாவில், ஜோகூரில் இருக்கிறது.

இங்கிலாந்துக்குள்ளும் சிக்கல் உண்டு. கீல் பல்கலைக்கழகத்தை ஒட்டியிருப்பது நியூகாசில் அண்டர் லைம். அங்கே ரயில் நிலையம் கிடையாது. ஸ்டோக் ஆன் டிரென்டில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். வெறுமனே 'நியூகாசில்' என்று ரயில் டிக்கெட் எடுத்தால் டைன் கரையில்தான் கொண்டுபோய் விடும். அறைக்கு முன்பணம் கட்டுமுன் அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள்: டைன் கரை என்றால் என்இ, அண்டர் லைம் என்றால் எஸ்டி5.

கேள்வி: காந்தியின் 1913 போராட்டத்தில் வரும் நியூகாசில், இங்கிலாந்து ஊரா? (தரங்கம்பாடி வாசகர்)

பதில்: இல்லை, தென்னாப்பிரிக்காவின் நேட்டால். பிரிட்டிஷ் காலனித்துறை அமைச்சராக இருந்த நியூகாசில் கோமகனின் பெயரை 1864-இல் வைத்தார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர்கள் மீது போட்ட 3 பவுன் வரியை எதிர்த்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைக்க பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து அங்கே போனவர்களில் தமிழ்ப் பெண்கள் முன்னணியில் இருந்தார்கள்.

கேள்வி: கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கேட்டேன். பெட்டியில் 'நியூகாசில் நோய்' என்று இருக்கிறது. மாற்றித் தந்துவிட்டார்களா? (நாமக்கல் வாசகர்)

பதில்: சரியானதைத்தான் தந்திருக்கிறார்கள், இரண்டும் ஒரே நோய்தான். 1926-இல் டைன் கரை நியூகாசில் கோழிகளில் கண்டதால் உலகம் அந்தப் பெயரால் அழைக்கிறது. குமாவூன் மலை ஊரான ராணிக்கேத்தை வைத்து நாம் ராணிக்கெட் என்கிறோம். ராணிப்பேட்டை அல்ல, அங்கே கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் அரசு நிறுவனம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஊர்ப் பெயரைவிட, பெட்டியில் அடுத்து வரும் மருந்து வகையின் பெயர்தான் முக்கியம். எஃப் அல்லது லசோட்டா என்றால் குஞ்சுக்கு: 7-ஆம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு, 4-ஆம் வாரம் லசோட்டா குடிநீரில். ஆர்2பி என்றால் 8 வாரம் ஆன கோழிக்கு இறக்கைத் தோலுக்கடியில் 0.5 மி.லி. இதைச் சின்னக் குஞ்சுக்குப் போட்டால் மருந்தே வாதம் வரவைத்து, குஞ்சு செத்தும் போகலாம்.

இந்தத் தடுப்பு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். கடையிலிருந்து ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் கொண்டுவந்து 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். கலக்கியபின் 2 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். குளோரின் போட்ட நகராட்சித் தண்ணீர் அதைக் கொன்றுவிடும். கிணற்று நீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்து, பிறகு மருந்தைச் சேருங்கள். ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்குங்கள். பச்சையாகக் கழிந்து கழுத்து முறுக்கிய கோழிக்கு ஊசி போட்டுப் பயனில்லை. அதை உடனே பிரித்து வையுங்கள்.